பீம்பாய் எறிந்த வட்டு: உடல்வலுவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

பிரவீண்குமார் சோப்தி என்றால் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பீம்பாய் என்றால் தெரியும். 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில், பணக்கார முதலாளி மதனின் மெய்க்காவலராக, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிற ஆறரை அடி ஆள். லாக்கரில் இருக்கிற பணத்தை எடுத்து அவினாசியின் மூஞ்சியில் எறியும்படி அந்த ஆளுக்கு இடப்படும் கட்டளை இன்றைக்கும் டீக்கடையில், கல்யாண வீட்டில், அலுவலகத்தில் சிரிப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது. எறியச் சொல்லி யாருக்குக் கட்டளை போகிறதோ அந்த ஆள், ஒரு காலத்தில் ஆசியாவிலேயே வட்டு எறிதலில் முதல் ஆள்.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 49.62 மீட்டர் வட்டு எறிந்து தங்கம். அதே போட்டியில் சங்கிலிக் குண்டு எறிதலில் வெண்கலம். அதே வருஷம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக் குண்டில் வெள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சங்கிலிக் குண்டும் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் வட்டும் எறிந்தார். நடுவில் 1970இல் மறுபடி பாங்காக்கில் 52.38 மீட்டர், மறுபடி தங்கம். 1974 டெஹ்ரானில் வெள்ளி. எல்லைப் பாதுகாப்புப் படையில் துணை கமாண்டன்ட் பதவி. 1967இல் அர்ஜுனா விருது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் சினிமா. 1988இல் 'ஷாஹென்ஷா' இந்திப் படத்தில் அடியாள். அதே ஆண்டு அக்டோபரில் தூர்தர்ஷனில் தொடங்கி 1990 ஜூனில் முடிந்த பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீமன். தொடர் முடிந்து நாலே மாதத்தில் தமிழில் பீம்பாய்.

எட்டு வருஷத்தில் நான்கு ஆசியப் பதக்கம் வாங்கிய ஒருவர் நம் நினைவில் ஒரு கட்டளைக்கு அடுத்த நிமிஷமாக மட்டும் எப்படி எஞ்சினார்? இதைத் தனிமனித சோகமாக வாசித்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. உடல்வலுவை நம் சமூகம் எந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. என் வாதம் இதுதான்: வலு என்பதை அறிவற்றதாகவும் எசமானுக்கு உரியதாகவும் காட்டுகிற ஒரு கருத்தியல் இங்கே நெடுங்காலமாக வேலை செய்கிறது. அதன் வேர் சாதியில் இருக்கிறது. எறிகிறவர்களின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கருத்தியல் பொய் என்பது அந்த வட்டத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

2

பிரவீண்குமாருக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். பர்துமன் சிங். பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் பக்தா பாய் கா என்ற ஊரில் 1927இல் பிறந்தவர். 1954 மே மாதம் மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டில் குண்டு 14.14 மீட்டர், வட்டு 43.37 மீட்டர், இரண்டிலும் தங்கம். 1958 டோக்கியோவில் குண்டு 15.04 மீட்டர் எறிந்து மறுபடி தங்கம், வட்டில் வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் வட்டில் வெள்ளி. 1980களின் தொடக்கத்தில் ஒரு சாலை விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது 1999இல். கடைசிப் பதக்கத்துக்கும் விருதுக்கும் நடுவே 37 வருஷம். 2007 மார்ச்சில் சொந்த ஊரிலேயே செத்துப்போனார்.

பிரவீண்குமாரின் முடிவும் தூரத்தில் இல்லை. 2021 டிசம்பரில், தான் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், எல்லைப் படை ஓய்வூதியம் வருகிறது, ஆனால் ஆசியப் பதக்கம் வென்றவர்களுக்கு உரிய ஓய்வூதியத்தைப் பஞ்சாபில் ஆண்ட எல்லா அரசுகளும் தனக்கு மறுத்துவிட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 பிப்ரவரி 7 அன்று டெல்லியில் இறந்தார். மறுநாள் செய்திகளில் முந்திக்கொண்டு வந்தவன் பீமன். வட்டு பின்னால்தான் வந்தது. அதற்கு முன் 2013இல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் வசீர்பூரில் நின்று தோற்றார், அடுத்து பாஜகவில் சேர்ந்தார். கட்சிகள் அவரைக் கூப்பிட்டதும் பீமனைத்தான்.

இந்தியத் தடகளத்தின் தொடக்ககால வரலாறு பெரிதும் படைமுகாமுக்குள் நடந்தது. மில்கா சிங் ராணுவத்தில் ஓடத் தொடங்கினவர். படையும் போலீசும் ரயில்வேயும் வேலை கொடுத்தால்தான் ஒருத்தர் தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுத்து நல்ல சாப்பாடு சாப்பிட முடியும் என்கிற பொருளாதாரம் அது. 1857க்குப் பிறகு வெள்ளைக்காரன் உருவாக்கிய 'போர்க்குடி' என்ற கோட்பாட்டையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சில சாதிகள், சில மாகாணங்கள் பிறவியிலேயே சண்டைக்கானவை. அவர்களுக்கு உடம்பு உண்டு, கட்டளை கொடுக்க மூளை வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே அந்தக் கோட்பாட்டின் சாரம். பஞ்சாபி என்றால் பலசாலி என்று நாம் இன்றைக்கும் சொல்வதில் ஒரு காலனிய ஆட்சேர்ப்பு ஆவணத்தின் வாசனை அடிக்கிறது.

வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. நான் இருக்கிற கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்கள் நிறைந்த பூமி. மாடு பிடிக்க வந்தவனோடு மோதித் தொறு மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரை, ஊரை எழுதி வைத்தார்கள். நம் தொல்குடி வீரத்தின் சான்றாக இவை மேடைகளில் முழங்கப்படுகின்றன. ஆனால் கல்வெட்டை நிதானமாக வாசித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். செத்தவன் பெயருக்கு முன்னால் பல கற்களில் இன்னாருடைய சேவகன் என்று வருகிறது. மேலே அரசனின் ஆட்சியாண்டு, அப்புறம் தலைவன் பெயர், அவனுக்குக் கீழேதான் விழுந்தவன். வலுவுக்கு ஒரு உடைமையாளர் தேவைப்பட்டிருக்கிறார். ஆயிரம் வருஷம் கழித்து பதக்கப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நாடு வருகிறது, தேசியப் போட்டியின் பட்டியலில் ரயில்வே என்றும் சர்வீசஸ் என்றும் வருகிறது. எழுத்து மாறியிருக்கிறது, வாக்கிய அமைப்பு அப்படியே இருக்கிறது.

ஆலன் குட்மன் 1978இல் எழுதிய நூலில் நவீன விளையாட்டின் அடையாளம் என்று அளத்தலையும் சாதனைப் பதிவையும் சொல்கிறார். சடங்கிலிருந்து பதிவுக்கு நகர்ந்துவிட்டோம் என்பது அவர் கணக்கு. நம் அனுபவத்தில் இந்த நகர்வு முழுசாக நடக்கவில்லை. பதிவு அரசாங்கத்துக்குப் போகிறது, சடங்கு ஆளுக்கு மிஞ்சுகிறது: ஒரு சால்வை, ஒரு கேடயம், செத்த பிறகு ஒரு இரங்கல் அறிக்கை.

3

விருதின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1961இல் இந்திய அரசு விளையாட்டு வீரர்களுக்கு அர்ஜுனா விருதை ஏற்படுத்தியது. 1985இல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது. ஆக, இந்தியக் குடியரசு தன் விளையாட்டு மரியாதையை ஒரு குருவுக்கும் அவருடைய செல்லச் சீடனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் குரு கட்டைவிரலை வாங்கியது யாரிடம், எந்தச் சீடனுக்குப் போட்டி இருக்கக் கூடாது என்பதற்காக வாங்கினார் என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏகலைவனைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் சுட்ட விரும்புவது பக்கத்தில் நிற்கிற இன்னொருவனை. பிரவீண்குமாருக்கு 1967இல் கிடைத்தது அர்ஜுனா விருது. 21 வருஷம் கழித்து அவருக்குக் கிடைத்த வேஷம் பீமன். அரசாங்கம் மரியாதை செய்யும்போது அருச்சுனன் பெயரால் செய்கிறது. உடம்பைப் பார்த்து ஆள் எடுக்கும்போது வீமன் என்கிறது.

வீமனை யார் முட்டாளாக்கினார்கள்? கௌரவர் நூறு பேரையும் கொன்றவன் அவன். மகுடம் தருமனுக்கு, கீதை அருச்சுனனுக்கு. சூதில் பெண்டாட்டியை வைத்துத் தோற்ற அண்ணனைச் சபை நடுவில் கேள்வி கேட்டவன் வீமன். அந்தக் கையை எரிக்க நெருப்புக் கொண்டுவா என்று சகதேவனைக் கூப்பிட்டான். அடக்கி உட்கார வைத்தவன் அருச்சுனன். வியாசரிலும் இது இருக்கிறது, பாரதியிலும் இருக்கிறது. அந்தச் சபையில் தருமம் தெரிந்த பெரியவர்கள் எல்லாம் வாய்மூடி இருக்க, அரசியல் பேசினவன் வலுவானவன்தான். ஆனால் நம் பொதுப்புத்தியில் தங்கியிருக்கிற வீமன் சோற்றுப்பானையும் கதாயுதமுமாக இருக்கிறான். பேச்சு கழிந்துபோய் உடம்பு மட்டும் மிச்சம்.

கூத்து அப்படிச் செய்யவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்க, வேஷம் கட்டின வீமன் அவனைச் சுற்றி வருவான், ஏசுவான், ஆடுவான், தொடையில் அடிப்பான். அந்த வீமனுக்கு ஆறரை அடி தேவையில்லை. எங்க ஊர்ப் பக்கம் நான் பார்த்த வீமன்களில் சிலர் ஒடிசலான ஆட்கள், பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். குரல், அடவு, கட்டை கட்டின தோள், ராத்திரி முழுக்கத் தாங்கும் மூச்சு - இவற்றால் வீமன் உண்டாக்கப்படுகிறான். அதாவது கூத்தில் வலு என்பது ஒரு நிகழ்த்துதல். பார்க்கிறவனுக்கும் அது தெரியும்.

தொலைக்காட்சி இதைத் தலைகீழாக்கியது. அதற்கு ஒரு நிஜ உடம்பு தேவைப்பட்டது. மல்யுத்தம் பற்றிய கட்டுரையில் (1957இல் வந்த 'மித்தாலஜிஸ்' தொகுப்பின் முதல் கட்டுரை) ரொலான் பார்த் சொல்வது இங்கே பொருந்தும்: மல்லனின் உடம்பே ஆட்டத்தின் முதல் குறி, அவன் என்ன செய்யப்போகிறான் என்பது அவன் உள்ளே நுழையும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. பிரவீண்குமாரின் உடம்பு அப்படி ஒரு குறியாக வாசிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தி தெரியாத நம்மவர்களுக்கு அந்த வீமன் பேசினது விளங்கவில்லை, உடம்பு விளங்கியது. பேச்சை ஏற்கெனவே இழந்துவிட்ட அந்த உடம்பை முதலாளியின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஒரு நகைச்சுவைப் படத்துக்குச் சிரமமே இருக்கவில்லை. எழுதியவர்களையோ நடித்தவர்களையோ நான் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு வேலை செய்வதற்கான நிலத்தை நாம் எப்போதோ உழுது வைத்திருந்தோம் என்கிறேன்.

4

அந்த நிலம் மொழிக்குள்ளேயும் இருக்கிறது. தமிழில் இந்த விளையாட்டின் பெயர் குண்டு எறிதல். குண்டு என்றால் இரும்புருண்டை, பருமனும்தான். குண்டன் என்ற சொல்லுக்குத் தடியன் என்ற பொருளோடு கீழ்மகன் என்ற பொருளையும் அகராதி தருகிறது. தேவாரத்தில் சமணரை ஏசப் பயன்பட்ட சொற்களில் குண்டர் ஒன்று. 1982இல் தமிழக அரசு கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டத்தை ஜனங்கள் குண்டர் சட்டம் என்றார்கள். அந்த 'குண்டா' இந்தியிலிருந்து வந்த சொல்லாகவே இருக்கட்டும். தமிழ்க் காதில் விழும்போது பருமன், கீழ்மை, வன்முறை மூன்றும் ஒரே ஒலிக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் நான் பலமுறை கேட்டது: வகுப்பிலேயே தடித்த பையனைப் பார்த்து, "டேய் குண்டு, நீ குண்டு போடுடா." ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் ஆள் எடுக்க ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். குண்டுக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் ஆள் எடுத்தாகிவிடுகிறது.

உண்மையில் அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறது? குண்டு எறிகிற வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. வட்டு எறிகிற வட்டம் 2.50 மீட்டர், வட்டு ஆண்களுக்கு 2 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. இந்தச் சின்ன இடத்துக்குள், ஓரிரு வினாடிக்குள், காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு விசை ஏற வேண்டும். கை கடைசியில்தான் வருகிறது. கையை முந்தவிட்டவன் தோற்றான். வட்டு எறிகிறவர் ஒன்றரைச் சுற்று சுற்றுகிறார். வலது கால் நடுவில் ஊன்றும்போது இடுப்பு முன்னால் போயிருக்க வேண்டும், தோளும் வட்டும் பின்தங்கியிருக்க வேண்டும். உடம்பை ஒரு துணி பிழிவதுபோல முறுக்கி, சரியான நேரத்தில் விட வேண்டும். சரியான நேரம் எது என்பதுதான் வருஷக்கணக்கில் கற்கிற பாடம்.

இந்தப் பாடத்தின் வரலாறும் சுவாரஸ்யமானது. பர்துமன் சிங் மணிலாவில் 14.14 மீட்டர் எறிந்த அதே 1954 மே மாதம், லாஸ் ஏஞ்சல்சில் பேரி ஓப்ரையன் என்ற அமெரிக்கர் 18.42 மீட்டர் எறிந்து 60 அடியை முதலில் கடந்தார். நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஓப்ரையன் பலசாலிதான். ஆனால் அவர் செய்த புரட்சி வேறு. அதுவரை எறிகிறவர்கள் பக்கவாட்டில் நின்று தாவினார்கள். அவர் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். முதுகைக் காட்டினால் குண்டை அதிக தூரம் தள்ளிக்கொண்டு வரலாம், தள்ளும் நேரம் கூடினால் வேகம் கூடும். இது ஒரு சிந்தனை. பிறகு சோவியத் வீரர் அலெக்சாந்தர் பாரிஷ்னிகோவ் வட்டு எறிபவரைப் போலவே சுழன்று குண்டு எறிந்து, 1976இல் 22 மீட்டரைத் தொட்டார். இன்றைய உலகச் சாதனையான 23.56 மீட்டரும் (ரையன் கிரவுசர், 2023) சுழன்று எறிந்ததுதான்.

வட்டு இன்னும் நுட்பமான விஷயம். அது பறக்கிற பொருள். முன்னாலிருந்து வருகிற எதிர்க்காற்று, சரியான சாய்வில் விட்ட வட்டைத் தாங்கிக் கூடுதல் தூரம் கொண்டுபோகும். பின்காற்று அடித்துக் கீழே போடும். 1986இல் கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷூல்ட் எறிந்த 74.08 மீட்டர் சாதனை 38 வருஷம் நின்றது. அதை 2024 ஏப்ரலில் லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா முறியடித்தார். அடுத்த ஆண்டு 75.56 ஆக்கினார். இரண்டு முறையும் எறிந்த இடம் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ரமோனா என்ற சின்ன ஊர். காரணம், அங்கே அடிக்கிற காற்று. காற்றைத் தேடிப் போய் எறிகிறார்கள். வட்டு எறிவது மூளையில்லாத வேலை என்றால் காற்றை யார் படித்தது?

தமிழில் வட்டு என்ற சொல்லுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. சங்கப் பாடல்களில் பிள்ளைகள் வட்டு ஆடுகிறார்கள். வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில், படிக்காமல் சபையில் பேசப் போகிறவனைக் கட்டம் கீறாமல் வட்டு ஆடுகிறவனுக்கு ஒப்பிடுகிறார். அந்த வட்டு உருட்டுகாய், நாம் பேசுகிற வட்டு வேறு. ஆனாலும் வட்டுக்கு அரங்கு வேண்டும், அரங்குக்குக் கணக்கு வேண்டும் என்ற எண்ணம் இந்த மொழிக்குப் புதிது இல்லை. மார்செல் மாஸ் 1934இல் ஆற்றிய 'உடலின் உத்திகள்' உரையில், நடப்பதும் நீந்துவதும் மண் வெட்டுவதும்கூட ஒவ்வொரு சமூகமும் கற்றுக்கொடுத்து வருவதே, இயற்கையாய் வருவதில்லை என்றார். தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வழுக்கும் உருண்டைக்கல்லை முதலில் முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் நிறுத்தி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்பக்கம் விட வேண்டும். வலு மட்டும் இருக்கிறவன் முதல் படியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

5

பெண் எறிந்தால் கதை இன்னும் மோசம். ஆணின் வலு அவனை முட்டாளாக்குகிறது, பெண்ணின் வலு அவள் பெண்தானா என்ற கேள்வியைக் கிளப்புகிறது. சோவியத்தின் தமாரா பிரெஸ் 1960 ரோமில் குண்டில் தங்கம், வட்டில் வெள்ளி. 1964 டோக்கியோவில் இரண்டிலும் தங்கம். பெண்கள் குண்டு எறிதலில் 18 மீட்டரை முதலில் கடந்தவர்களின் வரிசையில் முன்னால் நிற்பவர். அவரையும் அவர் தங்கை இரினாவையும் மேற்கத்தியப் பத்திரிகைகள் 'பிரெஸ் சகோதரர்கள்' என்று கேலி செய்தன. 1966இல் ஐரோப்பியப் போட்டியில் பெண்களைச் சோதித்துப் பார்க்கும் முறை வந்தபோது இருவரும் போட்டியிலிருந்து விலகினார்கள். விலகியதே சான்றாக வாசிக்கப்பட்டது. தமாரா 2021இல் இறந்தபோதும் செய்திகளில் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இது எங்கோ நடந்த கதை இல்லை. புதுக்கோட்டைச் சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார், சோதனைக்குப் பின் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எறிகிறவர் இல்லை, ஓடுகிறவர். ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான். கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் உடம்பு செங்கல் சுமக்கும்போதும் நாற்று நடும்போதும் எவ்வளவு வலுவாக இருந்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதே வலு அளக்கப்படுகிற இடத்துக்கு, பெயர் எழுதப்படுகிற இடத்துக்கு வந்தால்தான் விசாரணை.

6

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை. ஆடு, மாடு வாங்க கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், திமிலைத் தடவுவார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாடு இழுக்கிற நுணுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் விலை உடம்புக்குத்தான். விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்யும் முகாம்களில் உயரத்தையும் கைவீச்சையும் அளந்து எழுதிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துண்டு ஞாபகம் வருகிறது. அளக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அளந்த பிறகு என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று கேட்கிறேன்.

கூட்டு ரோட்டிலிருந்து ஓசூர் வரைக்கும் இன்றைக்குத் தொழிற்சாலைகள். இந்தப் பக்கம் கிரானைட் குவாரிகள். குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் தொழிலாளர்களைத் திறனற்றவர், ஓரளவு திறனுள்ளவர், திறனுள்ளவர் என்று பிரிக்கிறார்கள். சுமப்பவரும் தூக்குபவரும் எப்போதும் முதல் வகை. பாறையில் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கி, அடிக்கிற சத்தத்தை வைத்தே கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்கிற ஆட்களை நான் அறிவேன். மூட்டையை முதுகில் ஏற்றும்போது இவர் மூச்சை எங்கே நிறுத்துகிறார், கால் விரலை எப்படி ஊன்றுகிறார் என்பதை ஒரு பயிற்சியாளர் கவனித்தால் ஓப்ரையன் கண்டுபிடித்ததற்குச் சொந்தமான ஏதோ ஒன்று அங்கே இருப்பதைப் பார்ப்பார். இந்த அறிவுக்குக் கூலிப் பட்டியலில் பெயர் இல்லை. 'திறனற்றவர்' என்கிற சொல்லும் 'பீம்பாய்' என்கிற சிரிப்பும் ஒரே கிணற்றில் இறைத்த தண்ணீர். உழைக்கிற உடம்புக்கு யோசிக்கத் தெரியாது, யோசிக்கிறவன் உழைக்க வேண்டியதில்லை என்று பிரித்து வைத்த பழைய ஏற்பாட்டின் நவீனப் பெயர்கள் இவை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வலுவைப் போற்றுவோம் என்று முடித்தால் நாமும் இன்னொரு வீரவழிபாட்டுக்குள் போய் விழுவோம். உடற்கட்டை வழிபட்ட அரசியல் 20ஆம் நூற்றாண்டில் எங்கே போய் நின்றது என்பது தெரிந்ததுதான். எனக்கு வேண்டியது வேறு. வலுவுக்குள் இருக்கிற அறிவை அதைச் செய்கிறவர்களின் வாயால் கேட்டு எழுத வேண்டும். பதக்கப் பட்டியல் 14.14 என்றும் 52.38 என்றும் தூரத்தைச் சொல்கிறது. எந்தத் தரையில், என்ன சாப்பிட்டு, யார் சொல்லிக்கொடுத்து, காலை எங்கே வைத்து எறிந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. பர்துமன் சிங்கிடமும் பிரவீண்குமாரிடமும் இனி நாம் கேட்க முடியாது. நம் மாவட்டங்களில் எறிந்தவர்கள், போலீசிலும் ரயில்வேயிலும் சேர்ந்து ஓய்வு பெற்றவர்கள், வேலை கிடைக்காமல் மில்லுக்கும் குவாரிக்கும் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிற நண்பர்களும் சிறுபத்திரிகை நடத்துகிற நண்பர்களும் அவர்களிடம் ஒரு டேப்போ செல்போனோ எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும்.

இன்னொரு சின்ன வேலையும் இருக்கிறது. வட்டு எறிய 2.50 மீட்டர் விட்டத்தில் சமமாகப் பூசிய ஒரு சிமென்ட் வட்டம், சுற்றி ஒரு வலைக்கூண்டு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். புழுதித் தரையில் எறியப் பழகின பிள்ளை மாநிலப் போட்டியில் சிமென்ட் வட்டத்துக்குள் கால் வைத்ததும் வழுக்குகிறது. பார்க்கிறவர்கள் உடம்பு இருக்கு, மூளை இல்லை என்கிறார்கள். தொழிற்சாலைக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் எடுத்துக் கொடுத்த ஊர்களின் கிராம சபையில், நம் பள்ளிக்கூடத்துக்கு இந்த வட்டம் எங்கே என்று கேட்டுத் தீர்மானம் போட எந்தத் தடையும் இல்லை.